கரண்ட் போனால் உறையும் கணினி: சீரியல் டிரைவரில் செத்த பாயின்டரைத் தேடித் திருத்துவது எப்படி

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஓர் எடைமேடை. லாரி ஏறி நின்றதும் இண்டிகேட்டரில் விழும் எடை, சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு வரவேண்டும், சீட்டு அச்சாகவேண்டும், வண்டி இறங்கவேண்டும். கணினியில் இருப்பது லினக்ஸ். வாரத்துக்கு இரண்டு முறையாவது அது உறைந்துவிடும். ஆபரேட்டர் பெரியவர் போன் செய்வார்: "தம்பி, வண்டி மேல நிக்குது, எடை வரமாட்டேங்குது. பின்னாடி ஏழு வண்டி." நான் சத்துவாச்சாரியில் பைக்கை எடுத்து, ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அவரே சுவிட்சை அணைத்துப் போட்டிருப்பார். ஆதாரம் எதுவும் மிஞ்சியிருக்காது.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் கண்டுபிடித்தது, சீரியல் கேபிளை யூஎஸ்பியில் இணைக்கும் கன்வர்ட்டர் பெட்டியோடு வந்த டிரைவரில் ஒரு செத்த பாயின்டர். நான் டிப்ளமோ படித்தவன். லினக்ஸின் மையமான கெர்னலின் நிரலை அதற்குமுன் திறந்துகூடப் பார்த்ததில்லை. சி மொழி ஓரளவு தெரிந்து, டெர்மினலுக்குப் பயப்படாதவராக இருந்தால் உங்களாலும் முடியும். மூன்று மாதம் வேண்டாம், மூன்று வாரம் போதும்.

ஒரு குறிப்பு: ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில், அடிக்கோடுகளை இதே இடங்களில் வைத்துப் போடுங்கள்.

1. உங்கள் நோய் இதுதானா என்று பாருங்கள்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கும் லாட்ஜுகள் உங்களுக்குத் தெரியும். அறையைக் காலி செய்துவிட்டீர்கள். ஆனால் டூப்ளிகேட் சாவி பையிலேயே கிடக்கிறது. ராத்திரி மறந்துபோய் அதே கதவைத் திறக்கிறீர்கள். உள்ளே யாரும் இல்லையென்றால் பிழைத்தீர்கள். வேறு குடும்பம் குடிவந்திருந்தால் ரகளைதான். செத்த பாயின்டர் அந்தச் சாவிதான். மெமரியை விடுவித்தாயிற்று, முகவரி மட்டும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது.

அடையாளங்கள் இவை. கேபிளைப் பிடுங்கிய நொடியில் விழாது. இரண்டு நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து விழும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், சம்பந்தமே இல்லாத ஃபங்ஷனில் விழும். கரண்ட் போய் வந்த நாட்களில் அதிகம் விழும். எங்கள் இடத்தில் கணினிக்கு யூபிஎஸ் உண்டு, கன்வர்ட்டர் தொங்கும் யூஎஸ்பி ஹப்புக்கு இல்லை. கரண்ட் கண் சிமிட்டினால் போதும், கணினியைப் பொறுத்தவரை யாரோ கேபிளைப் பிடுங்கிச் செருகியது போலத்தான்.

பழைய பிஎஸ்/2 கீபோர்டாக இருந்தால், கெர்னல் பேனிக் ஆகும்போது (மீள முடியாமல் நின்றுவிடும்போது) கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும். யூஎஸ்பி கீபோர்டில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

எடைக்குப் பதில் குப்பை எழுத்து வருகிறதா? அது இந்த நோய் இல்லை. பாட் ரேட்டையோ (சீரியல் வேகம்) பாரிட்டியையோ (பிழை சோதிக்கும் பிட்) எர்த்தையோ பாருங்கள். பிடுங்கிச் செருகியதும் போர்ட்டின் பெயர் டிடிஒய்யூஎஸ்பி0 போய் டிடிஒய்யூஎஸ்பி1 வருகிறதா? அதுவும் தனியாகப் பார்த்தால் பிழை இல்லை. எடை மென்பொருள் பழைய போர்ட்டை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பழையதைத் திறந்து வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது முக்கியமான துப்பு. ஏழாவது படியில் அது தேவைப்படும்.

2. என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

எனக்கு ஆன கணக்கைச் சொல்கிறேன். 8 ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப், செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய். உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் இந்தச் செலவே இல்லை. அதே சிப் உள்ள உபரி கன்வர்ட்டர் ஒன்று. பொதுவான யூஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டருக்கு சென்னை ரிச்சி தெருவில் 250 ரூபாய் கொடுத்தேன். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். கடைகள் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் உள்ள ஹப் 400 ரூபாய். இதை வாங்கத் தயங்காதீர்கள். கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி சாக்கெட்டை உடைத்தபிறகுதான் நான் வாங்கினேன்.

இண்டிகேட்டர் வேண்டாம். ஒன்பது பின் கனெக்டரில் 2, 3 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் அனுப்பியது அப்படியே திரும்பி வரும். சோதனைக்கு அது போதும்.

வட்டில் 40 ஜிபி காலியாக வையுங்கள். டீபக் தகவலோடு கட்டும் கெர்னல் பயங்கரமாக இடம் தின்னும்.

3. எழுத்தில் வாங்கவேண்டியவை

இதைத் தள்ளிப்போட்டால் கடைசியில் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில், டிரைவர் மூல நிரல். பெட்டி விற்றவரிடம் கேளுங்கள், எந்தக் கெர்னல் பதிப்புக்கு எழுதியது என்பதையும் சேர்த்து. எனக்கு பதில் வர 19 நாள் ஆனது. வந்ததும் தவறான பதிப்பு. அந்த இடைவெளியில், உங்கள் சிப்புக்குக் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்டிடிஐ, பிஎல்2303, சிஹெச்341, சிபி210எக்ஸ் வகைகளுக்கு இருக்கிறது. அப்படி இருந்தால் விற்றவர் கொடுத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு இதைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, உங்கள் நிறுவனத்தின் சம்மதம். வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை முதலாளிக்கு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. திருத்தத்தைக் கெர்னலுக்கு அனுப்பும்போது "இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு" என்று கையெழுத்துப் போலவே ஒரு வரி போடுவீர்கள். அதற்கு முன் மேலாளரிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, எடைமேடைக்காரரின் அனுமதி. இண்டிகேட்டரில் எடையளவு முத்திரை இருக்கும். அதன் பக்கம் கையே போகக்கூடாது. உங்கள் வேலை கேபிளின் இந்த முனையிலிருந்து கணினிவரை மட்டும்.

4. விழும்போது சொல்லும் கடைசி வார்த்தையைப் பிடியுங்கள்

எல்லோரும் செய்வது மானிட்டரைப் போனில் படம் எடுப்பது. அது உதவாது. திரையில் தெரிவது கடைசியாக ஓடிய வரிகள் மட்டும். உங்களுக்கு வேண்டியது முதல் வரி, அது மேலே ஓடிப்போயிருக்கும்.

நெட்கன்சோல் போடுங்கள். கெர்னல் தன் செய்திகளை யூடிபி வழியாகப் பக்கத்துக் கணினிக்கு அனுப்பிவிடும். வட்டில் எழுத முடியாத நிலையிலும் பெரும்பாலும் இது வந்துசேரும். வைஃபை வேண்டாம், லேன் கேபிளில் செய்யுங்கள். மறுமுனையில் என்கேட் (நெட்வொர்க்கில் வருவதை அப்படியே காட்டும் கருவி) ஒன்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வந்த செய்தியில் ரிஜிஸ்டர்கள் வரிசையில் 6பி6பி6பி6பி என்று நீளமாக ஓடுகிறதா? ஸ்லப் டீபக் (மெமரி ஒதுக்கீட்டுச் சோதனை) இயங்கும் கெர்னலில், விடுவித்த மெமரிக்குள் 6பி என்ற பைட்டை நிரப்பி வைப்பார்கள். பாயின்டரில் அந்த மதிப்பு தெரிந்தால், காலி செய்த அறைக்குள்தான் நிற்கிறீர்கள். சாதாரண கெர்னலில் இந்த நிரப்பல் இருக்காது. அதனால்தான் அடுத்த படி.

5. கேசான் போட்ட கெர்னலைக் கட்டுங்கள்

கேசான் என்பது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் மெமரிக் காவலாளி. 8 பைட்டுக்கு 1 பைட் என்று நிழல் மெமரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை தொடும்போதும் "இது இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று பார்க்கும். மெமரியில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், வேகமும் குறையும். களத்துக் கணினியில் போடாதீர்கள், லேப்டாப்பில் மட்டும்.

கெர்னல் மூல நிரலின் கிட் ரெப்போவை இறக்கும்போது இரண்டு பொறிகள். மொபைல் டேட்டாவில் கிட் குளோன் செய்தால், பாதியில் அறுந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கெர்னல்.ஆர்க் தளம் பண்டில் கோப்பாகவும் தருகிறது. டபிள்யூகெட் மூலம் அதை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இன்னொன்று, இடம் மிச்சம் என்று டெப்த் 1 போட்டு இறக்காதீர்கள். பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பின்னால் தேடவேண்டி வரும், அப்போது வரலாறு கையில் இருக்காது.

கான்ஃபிக்கில் நான்கை இயக்குங்கள்: கேசான், ப்ரூவ்_லாக்கிங் (லாக் தவறுகளைக் காட்டும்), டீபக்_ஆப்ஜெக்ட்ஸ் (அதன் கீழே டைமர்ஸ், ஃப்ரீ இரண்டும்), டீபக்_இன்ஃபோ. ஓடிக்கொண்டிருக்கும் டைமரை உள்ளே வைத்துக்கொண்டே ஒரு ஸ்ட்ரக்டை விடுவித்தால் மூன்றாவது உடனே காட்டிக்கொடுக்கும். எனக்குப் பாதித் துப்பு அதிலிருந்துதான் வந்தது.

லோக்கல்மாட்கான்ஃபிக் போட்டுக் கட்டினால் என் லேப்டாப்பில் 50 நிமிடம். டிஸ்ட்ரோவின் முழு கான்ஃபிக்கோடு கட்டியபோது ராத்திரி முழுக்க ஓடியது. ஆனால் லோக்கல்மாட்கான்ஃபிக் அந்த நேரத்தில் லோடாகி இருக்கும் மாட்யூல்களை மட்டும்தான் சேர்க்கும். அதனால் ஹப், கன்வர்ட்டர் எல்லாவற்றையும் செருகி வைத்துவிட்டு ஓட்டுங்கள். அக்னி நட்சத்திரம் நடக்கும்போது பகலில் கட்டாதீர்கள். நம்மூர் மே மாத வெயிலில் லேப்டாப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இழுக்கும். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் நீங்கள் கட்டிய கெர்னல் பூட் ஆகாமல் நின்றுவிடும். லேப்டாப்பின் பயாஸில் போய் அணைத்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் விஎம்லினக்ஸ் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். அதே கட்டுமானத்தின் கோப்பு இல்லாமல் முகவரிகளை வரி எண்களாக மாற்ற முடியாது. மறுபடி கட்டினால் பழையது போய்விடும்.

6. வேண்டுமென்றே விழவையுங்கள்

எப்போதோ விழுவதைத் திருத்தினோம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. முதலில் உங்கள் விருப்பப்படி விழவேண்டும்.

ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட். போர்ட்டைத் திறந்து கேட் கட்டளை மூலம் படித்துக்கொண்டிருக்கவேண்டும். அப்படியே, சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த யூஎஸ்பி சாதனத்தின் ஆத்தரைஸ்டு என்ற கோப்பில் 0 எழுதினால் சாதனம் கழன்றுவிடும். 1 எழுதினால் திரும்ப வரும். நடுவில் அரை செகண்டிலிருந்து மூன்று செகண்ட்வரை மாறி மாறித் தூக்கம். இதை 500 சுற்று ஓடவிடுங்கள். எஃப்டிடிஐ டிரைவரைச் சோதிப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: மெய்நிகர் கணினி ஓட்டும் க்யூஎம்யூவின் யூஎஸ்பி-சீரியல் சாதனம் அந்த சிப்பைத்தான் போலி செய்கிறது, அதன் மானிட்டர் கட்டளை வரியில் டிவைஸ்_டெல் என்று கொடுத்தால் கழன்றுவிடும்.

ஆனால் கோப்பில் 0 எழுதுவதும் கேபிளைப் பிடுங்குவதும் ஒன்றல்ல. நிஜமாகப் பிடுங்கும்போது, கெர்னலுக்கு விஷயம் தெரிவதற்கு முன்பே நிலுவையில் உள்ள யுஆர்பிகள் (யூஎஸ்பி டேட்டாக் கோரிக்கைகள்) பிழையோடு திரும்ப ஆரம்பித்துவிடும். அதனால் ஹப் சுவிட்சை வைத்துக் கையாலும் ஒரு முப்பது முறை செய்யுங்கள்.

அப்படியும் விழவில்லையா? சந்தேகப்படும் இடத்தில், பாயின்டரைப் படிக்கும் வரிக்கும் பயன்படுத்தும் வரிக்கும் நடுவே ஒரு எம்டிலே 50 (50 மில்லிசெகண்ட் காத்திருப்பு) போடுங்கள். பிழை நடக்கும் நேர ஜன்னல் அகலமாகிவிடும், சீக்கிரமே விழும். டைமருக்குள் எம்ஸ்லீப் போடக்கூடாது, அங்கே தூங்க அனுமதி இல்லை. வேலை முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

கேசான் அறிக்கையில் மூன்று பகுதிகளைப் படியுங்கள்: எங்கே தொட்டது, யார் ஒதுக்கியது, யார் விடுவித்தது. முதல் பகுதியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது புதியவர்களின் வழக்கம். குற்றவாளி பெரும்பாலும் மூன்றாவதற்கும் முதலாவதற்கும் நடுவே இருப்பார். டீகோட்_ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட் வரி எண் தரும். விடுவித்த பகுதிக்குள் எத்தனையாவது பைட் என்றும் அறிக்கை சொல்லும். பாஹோல் கருவியில் ஸ்ட்ரக்டைப் பார்த்தால் எந்த உறுப்பு என்று தெரிந்துவிடும். முதல் அறிக்கையை மட்டும் நம்புங்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் விழுந்த வீட்டின் தூசி.

7. நிரலைத் தொடுமுன் ஒரு காகிதம்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் எனக்கு மூன்று மாதம் ஆனது. எடிட்டரை மூடுங்கள். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: யார் கையில் இருக்கிறது, எப்போதிலிருந்து, யார் சொன்னால் விடுவார்.

முதலில் டிடிஒய் ஸ்ட்ரக்ட் (திறந்திருக்கும் சீரியல் போர்ட்டுக்குக் கெர்னல் வைத்திருப்பது) பாயின்டருக்கு. அப்புறம் டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் இவர்களையெல்லாம் வரிசையாக எழுதுங்கள்: போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் நிரல், டைமர், யுஆர்பி முடிந்ததும் ஓடும் கால்பேக், ஒர்க்க்யூவில் (கெர்னல் பின்னால் செய்ய வைத்திருக்கும் வேலை வரிசையில்) நிற்கும் வேலை, சிஸ்எஃப்எஸ் கோப்பு, டிஸ்கனெக்ட் ஃபங்ஷன்.

என் தாளில் டைமர் வரிசையில் மூன்றாவது கட்டம் காலி. போர்ட் திறக்கும்போது டிரைவர் டிடிஒய் முகவரியைத் தன் ஸ்ட்ரக்டில் குறித்து வைக்கிறது. 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை டைமர் வந்து மோடம் சிக்னல்களைப் பார்க்கிறது, கேரியர் சிக்னல் போயிருந்தால் அந்த டிடிஒய்யை ஹேங்அப் செய்கிறது (இணைப்பைத் துண்டிக்கிறது). மூடும்போது முகவரியை யாரும் அழிக்கவில்லை, டைமரை யாரும் நிறுத்தவில்லை. நிரலில் ஒரு வாரம் தேடியது தாளில் இருபது நிமிடத்தில் தெரிந்தது.

போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் எடை மென்பொருள் வரிசையிலும் மூன்றாவது கட்டம் தகராறு. கேபிள் போனதும் டிஸ்கனெக்ட் ஓடி டிரைவர் ஸ்ட்ரக்டைக் கேஃப்ரீ செய்துவிடுகிறது (மெமரியை விடுவித்துவிடுகிறது). மென்பொருளோ போர்ட்டை விடவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பெரியவர் அதை மூடும்போது, டிரைவரின் குளோஸ் ஃபங்ஷன் காலி செய்த அறைக்குள் நுழைகிறது. அந்தப் "பத்து நிமிடம் கழித்து" மர்மம் இதுதான்.

ஆக எனக்கு இருந்தது ஒன்றல்ல, இரண்டு பிழை. உங்களுக்கும் அப்படி இருக்கலாம்.

8. முதல் வகை: டிடிஒய் பாயின்டர்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் மருந்து: மூடும்போது பாயின்டரை நல் (வெற்று முகவரி) ஆக்கு, பயன்படுத்துமுன் அது நல் ஆகிவிட்டதா என்று சோதி. நானும் அதைத்தான் செய்தேன். 9 நாள் ஓடியது, பத்தாம் நாள் விழுந்தது. சோதித்த வரிக்கும் பயன்படுத்தும் வரிக்கும் நடுவே இன்னொரு சிபியூவில் குளோஸ் ஓடிவிடும். நல் சோதனை பிழையைத் தீர்ப்பதில்லை, அரிதாக்குகிறது. அரிதான பிழை அடிக்கடி வரும் பிழையைவிடக் கொடியது. அதைப் பிடிக்கவே முடியாது.

"இருக்கிறாயா?" என்று கேட்காதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிடிஒய்_போர்ட்_டிடிஒய்_கெட் என்ற ஃபங்ஷன், லாக்கைப் பிடித்து, டிடிஒய் இருந்தால் அதன் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைக் கூட்டித் தரும். இல்லையென்றால் நல் தரும். வேலை முடிந்ததும் டிடிஒய்_கேரெஃப்_புட். நடுவில் யார் மூடினாலும் மெமரி அங்கேயே இருக்கும். லாட்ஜ் நோட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை அறையை வேறொருவருக்குக் கொடுக்கமாட்டார்கள், அதே கணக்கு. இன்டரப்டுக்குள்ளிருந்தும் புட் செய்யலாம். கடைசி விடுவிப்பு ஒர்க்க்யூவில்தான் நடக்கும்.

அதைவிட நல்லது, டிரைவர் தனியாக வைத்திருக்கும் அந்த டிடிஒய் உறுப்பை ஸ்ட்ரக்டிலிருந்தே நீக்கிவிடுவது. திறக்க, மூட, ஹேங்அப்புக்கு டிடிஒய்_போர்ட்_ஓபன், டிடிஒய்_போர்ட்_குளோஸ், டிடிஒய்_போர்ட்_ஹேங்அப் மூன்றையும் பயன்படுத்தினால் முகவரியைப் போடுவதும் அழிப்பதும் லாக்குக்குள் தானாக நடக்கும். வந்த டேட்டாவை மேலே தள்ள டிடிஒய்யே தேவையில்லை: 3.9 பதிப்பிலிருந்து டிடிஒய்_ஃப்ளிப்_பஃபர்_புஷ் போர்ட்டைத்தான் வாங்குகிறது. எழுதுபவரை எழுப்ப டிடிஒய்_போர்ட்_டிடிஒய்_வேக்அப் இருக்கிறது, பிடிப்பதும் விடுவதும் அதற்குள்ளேயே. என் திருத்தத்தில் சேர்த்த வரிகளைவிட நீக்கியவை அதிகம்.

பொறிகள்:

போர்ட்டின் லாக்கை நீங்களே பிடித்துக்கொண்டு டிடிஒய்_போர்ட்_டிடிஒய்_கெட்டை அழைத்தால், அதே லாக்குக்காக அது காத்து நிற்கும். டெட்லாக். ப்ரூவ்_லாக்கிங் இதைக் காட்டும்.

பிழை வந்தால் நடுவிலேயே ரிட்டர்ன் ஆகும் பாதைகளில் புட் விட்டுப்போகும். அறிகுறி, ஆர்எம்மாட் செய்தால் மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். யாரும் போர்ட்டைத் திறந்து வைக்காதபோதும் ஒவ்வொரு முறை செருகும்போதும் மாட்யூலின் பயன்பாட்டு எண் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும்.

9. இரண்டாம் வகை: டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்ட்

டிஸ்கனெக்டில் கேஃப்ரீ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். விடுவிக்கும் வேலை, டிடிஒய்_போர்ட்டின் டெஸ்ட்ரக்ட் என்ற கால்பேக்குக்குப் போகவேண்டும். டிஸ்கனெக்ட் தன் பங்குக்கு டிடிஒய்_போர்ட்_புட் மட்டும் செய்யும். டிரைவரின் இன்ஸ்டால் ஃபங்ஷனில் ஒரு கெட், கிளீன்அப் ஃபங்ஷனில் ஒரு புட். கடைசியாக யார் விடுகிறாரோ அவர் கதவைப் பூட்டுவார்.

மாதிரிக்கு, கெர்னலிலேயே இருக்கும் சிடிசி-ஏசிஎம் டிரைவரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால், கிளீன்அப், டெஸ்ட்ரக்ட், டிஸ்கனெக்ட் நான்கையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும். புத்தகம் வேண்டாம்.

இங்கே பெரிய பொறி டெவ்எம்_கேஸெட்அலாக். "தானாக விடுவிக்கும், லீக் ஆகாது" என்று ஆசைப்பட்டு டிடிஒய்_போர்ட் இருக்கும் ஸ்ட்ரக்டை அதில் ஒதுக்குவார்கள். அது விடுவிப்பது சாதனம் கழலும்போது. திறந்திருக்கும் கோப்பைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. கேஃப்ரீ என்ற வார்த்தையே நிரலில் இருக்காது, அதனால் தேடினாலும் அகப்படாது. இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு: இன்டரப்டை டெவ்எம் வகையில் வாங்கி, ஸ்ட்ரக்டை ரிமூவ் ஃபங்ஷனில் கையால் விடுவிப்பது. டெவ்எம் பொருட்கள் ரிமூவ் முடிந்தபிறகுதான் போகும். அதுவரை இன்டரப்ட் உயிரோடு இருந்து, போன ஸ்ட்ரக்டைத் தொடும்.

10. கழற்றும் வரிசை

டிஸ்கனெக்டில் முதலில் புதியவர்கள் உள்ளே வருவதை நிறுத்துங்கள்: ஓபன் பிடிக்கும் அதே மியூட்டெக்ஸ் லாக்குக்குள் டிஸ்கனெக்டட் என்று கொடி வையுங்கள். அடுத்து, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஹேங்அப். பிறகு யுஆர்பி, டைமர், ஒர்க் மூன்றையும் நிறுத்துங்கள். அப்புறம்தான் அன்ரெஜிஸ்டர், கடைசியில் புட்.

யுஆர்பிக்கு யூஎஸ்பி_கில்_யுஆர்பி. அன்லிங்க் செய்தால் அது காத்திராமல் திரும்பிவிடும், கால்பேக் பின்னால் ஓடும். கில் காத்திருக்கும், தூங்கும்; அதனால் ஸ்பின்லாக்குக்குள் அழைக்கக்கூடாது.

டைமர் ஒர்க்கைத் தூண்டுகிறது, ஒர்க் டைமரைத் திரும்ப ஓடவிடுகிறது என்றால் எதை முதலில் நிறுத்துவது? எதை நிறுத்தினாலும் மற்றது எழுப்பிவிடும். 6.2 பதிப்பிலிருந்து டைமர்_ஷட்டவுன்_சிங்க் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு யார் தூண்டினாலும் டைமர் எழாது. அதை முதலில் போட்டு, அடுத்து கேன்சல்_ஒர்க்_சிங்க். பழைய கெர்னல் என்றால், ஒர்க் உங்கள் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் டைமரைத் தொடவேண்டும் என்று எழுதுங்கள்.

டைமர் பிடிக்கும் லாக்கை நீங்கள் பிடித்துக்கொண்டே டைமரை நிறுத்தக் காத்திருக்காதீர்கள். அது உங்களுக்காக, நீங்கள் அதற்காக.

11. திருத்தத்தை அனுப்புவது

விற்றவரின் தனி டிரைவர் என்றால் அவருக்கே அனுப்புங்கள், பதிலை எதிர்பார்க்காதீர்கள். கெர்னலில் இருக்கும் டிரைவர் என்றால் உரியவர்களுக்கு அனுப்பியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டிலும் நீங்களே ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு பிழைக்கு ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு). இரண்டையும் சேர்த்து அனுப்பினால் திரும்பி வரும். பிழை நுழைந்த கமிட்டைக் கிட் பிளேமில் கண்டுபிடித்து, ஃபிக்சஸ் வரியில் அதன் எண்ணின் முதல் 12 எழுத்துகளைப் போடுங்கள். பழைய கெர்னல்களுக்கும் போகவேண்டும் என்றால் ஸ்டேபிள் முகவரிக்கு சிசி வரி. அதற்கு பேட்ச் சுற்று வரிகளோடு சேர்த்து 100 வரியைத் தாண்டக்கூடாது. சைன்டு-ஆஃப்-பை வரியில் பெயரைப் போடும்போது நம்மவர்களுக்கு இனிஷியல் குழப்பம் வரும். முன்னால் போடுகிறீர்களோ பின்னால் போடுகிறீர்களோ, மின்னஞ்சலின் ஃப்ரம் வரியிலும் அதே வடிவம் இருக்கட்டும்.

பேட்சின் வடிவத்தைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டுங்கள். கெட்_மெய்ன்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லும். கிட் செண்ட்-இமெயில் மூலம் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். இணைப்பாகவோ எச்டிஎம்எல்லாகவோ போனால் படிக்கமாட்டார்கள். ஜிமெயில் என்றால் இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு எடுக்கவேண்டும். முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள்.

புதிய பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அப்போது அனுப்பினால் கவனிக்க ஆள் இருக்காது. ஆர்சி1 (முதல் சோதனைப் பதிப்பு) வந்தபிறகு அனுப்புங்கள். ஒரு வாரமாவது பொறுத்துவிட்டுத்தான் நினைவூட்டவேண்டும். பதில் சுருக்கென்றுதான் வரும், திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

12. களத்தில் போடுவது

லேப்டாப்பில் 500 சுற்று கேசான் வாய் திறக்காமல் ஓடியபிறகு, சாதாரண கெர்னலுக்கு மாட்யூலை டிகேஎம்எஸ்ஸில் கட்டுங்கள். கெர்னல் அப்டேட் ஆனாலும் தானாகக் கட்டிக்கொள்ளும். எடை மென்பொருளில் டிடிஒய்யூஎஸ்பி0 என்று நேரடியாகப் போடாமல், சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் விதியில் ஒரு நிலையான பெயர் வைத்து அதைக் கொடுங்கள். ஹப்பையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். டிரைவர் சரியாகிவிட்டாலும் எடை நடுவில் அறுபடாமல் இருக்க அது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள், வண்டி குறைவு. ஹப் சுவிட்சைப் பத்து முறை போட்டு அணைத்துக் காட்டுங்கள். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். கணினி கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மூன்று வரி தமிழில் பெரிதாக எழுதி, மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, பெரியவரையே ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.